சாணை பிடிக்கும் ஃபிக்சரை வீட்டிலேயே செய்வது: சேலத்துப் பட்டறைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்மாபேட்டை பக்கம் விசைத்தறிக்கு ஸ்பேர் கடைகிறவர்கள், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள், ஏற்காட்டில் தோட்டத்து மிஷின்களைத் தாங்களே ரிப்பேர் பார்க்கிறவர்கள், என்னைப் போல வீட்டின் பின்பக்கம் ஒரு சின்ன லேத் போட்டிருப்பவர்கள் என்று பலரும் சாணை பிடிக்கும் ஃபிக்சரைப் பற்றி, அதாவது மழுங்கின வெட்டு டூலை ஒரே கோணத்தில் கிரைண்டர் கல்லில் (வீலில்) காட்டித் தீட்டப் பிடித்துக்கொள்ளும் அமைப்பைப் பற்றி, சுற்றிச் சுற்றிக் கேட்பது ஒரே சந்தேகங்களைத்தான். கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும்.

"அண்ணா, நான் சின்ன வயசுல இருந்து கையிலயே சாணை பிடிக்கிறேன், வேலை ஓடுது. இதுக்கு எதுக்கு தனியா ஃபிக்சர்?"

ஓடும், அதில் சந்தேகமே இல்லை. தினமும் எட்டு மணி நேரம் லேத்தில் நிற்கிற டர்னருக்குக் கையே ஃபிக்சர்தான். கஷ்டம் வருவது மறுசாணை பிடிக்கும்போது. போன தடவை தீட்டின அதே கோணத்துக்கு டூலைத் திரும்பக் கொண்டுவர முடிந்தால், மழுங்கின விளிம்பில் 0.1 மிமீ எடுத்தாலே போதும், டூல் பழையபடி வெட்டும். கையில் பிடிக்கும்போது கோணம் ஒன்றிரண்டு டிகிரி தள்ளிப்போகும், ஒரே முகத்தில் ரெண்டு மூன்று பட்டை விழும், அதைச் சரிசெய்ய முகம் முழுவதையும் எடுக்க வேண்டியிருக்கும், டூல் பிட் சீக்கிரம் கரையும்.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் லேத்தைத் தொடுகிறவர்களுக்குக் கைப்பழக்கம் வர வாய்ப்பே இல்லை. அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

"யூடியூப்ல விதவிதமா காட்றாங்க. முதல்ல எதைச் செய்யணும்?"

டேபிள். அதாவது கிரைண்டரோடு வருகிற அந்தத் தகட்டு ரெஸ்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தில் அசையாத, சாய்க்க முடிகிற ஒரு தட்டு. சுமார் 150 மிமீ அகலம், 120 மிமீ ஆழம் இருந்தால் 6 இஞ்ச் கிரைண்டருக்கு வசதி. தட்டின் மேல் வீலின் முகத்துக்கு இணையாக ஒரு காடி, அந்தக் காடியில் ஓடும் ஒரு பட்டை, பட்டையின் மேல் திருப்பி முறுக்கக்கூடிய ஒரு கைடு, இவ்வளவுதான். டிரில் பிட், எண்ட் மில் (மில்லிங் மிஷினில் போடும் கட்டர்) என்று பின்னால் வருகிற எல்லாமே இந்த டேபிள் மேல்தான் உட்காரப்போகிறது, அதனால் நேரத்தையும் கவனத்தையும் இங்கே கொட்டுங்கள்.

காடி வெட்ட மில்லிங் மிஷின் இல்லையே என்று நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள். காடியை வெட்டவே வேண்டாம். தட்டின் மேல் ரெண்டு 6 மிமீ ஃபிளாட்டை (தட்டை இரும்புப் பட்டையை) இடைவெளி விட்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் நடுவில் இருப்பதுதான் காடி. முதல் ஃபிளாட்டை இறுக்கிவிட்டு, ஓடப்போகிற பட்டையையே நடுவில் வைத்து, ரெண்டாவதை அதோடு ஒட்டி நெருக்கி முறுக்குங்கள். ஆட்டம் இருக்காது. பிற்பாடு தேய்ந்தால் ஸ்க்ரூவைத் தளர்த்தி மறுபடி நெருக்கிக்கொள்ளலாம், வெட்டின காடியில் அந்த வசதியும் கிடையாது.

"எந்த மெட்டீரியல்ல செய்யறது? எஸ்எஸ் போட்டா துருப்பிடிக்காதுல்ல?"

சேலத்தில் ஸ்டீல் பிளாண்ட் இருப்பதாலோ என்னவோ, எதைச் செய்வதானாலும் ஸ்டெயின்லெஸ்ஸில் செய்யலாமே என்ற எண்ணம் நம் ஆட்களுக்கு உண்டு. இந்த வேலைக்கு வேண்டாம். டிரில் போடும்போது சூடாகி இறுகும், மரை போடுகிற சின்ன டேப் உள்ளே உடையும். டேபிளுக்கு 10 மிமீ எம்எஸ் (மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு) பிளேட் போதும். பழைய இரும்புக் கடையில் துண்டாக எடை போட்டு வாங்கலாம், வளைவு இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்து எடுங்கள்.

ஓடும் பட்டைக்கும் காடிக்கும் மட்டும் பிரைட் பார் வாங்குங்கள். கறுப்பு ஃபிளாட்டில் மேலே செதில் இருக்கும், ஓரம் உருண்டிருக்கும், அகலமும் நீளவாக்கில் ஒரே அளவாக வராது. பிரைட் பார் நேராக, அளவாக வருவதால் அரமே வைக்காமல் பொருத்திவிடலாம்.

"டேபிளை எந்தப் பக்கம் சாய்க்கணும்? எத்தனை டிகிரின்னு எப்படிப் பார்க்கறது?"

நம் பக்கம் தாழ, வீலின் பக்கம் உயர. டூலின் மேல்முகம் மேலே பார்க்க இருக்கும்போது இப்படிச் சாய்த்தால், மேல் விளிம்பு முன்னே நீண்டும் அடிப்பக்கம் உள்ளே ஒதுங்கியும் இருக்கும். அதுதான் கிளியரன்ஸ், டூலின் அடி வேலைத் துண்டில் உரசாமல் இருக்க விடுகிற ஒதுக்கம்.

கோணத்துக்கு ஒரு தகரத் துண்டில் செங்கோண முக்கோணம் வெட்டிக்கொள்ளுங்கள். அடி 100 மிமீ, உயரம் 14 மிமீ என்றால் 8 டிகிரி. உயரம் 17.6 என்றால் 10, 21.3 என்றால் 12. டிரை ஸ்கொயரை வீலின் நடுமட்டத்தில் நிறுத்தி, முக்கோணத்தை டேபிளில் வைத்து, அதற்கும் ஸ்கொயருக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். கோணத்தை அதன் மேலேயே பஞ்ச் அடித்து, கிரைண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டால் அடுத்த தடவை புரோடிராக்டர் தேட வேண்டாம்.

சிலர் டேபிளைச் சாய்க்காமல், மட்டமாகவே வைத்து வீலின் நடுமட்டத்துக்கு மேலே உயர்த்தித் தீட்டுவார்கள். கணக்கு சரிதான்: வீலின் ஆரத்தை அந்தக் கோணத்தின் சைனால் பெருக்கினால் உயரம் வந்துவிடும். 150 மிமீ வீலில் 8 டிகிரிக்கு 10.4 மிமீ. ஆனால் வீல் தேயத் தேய ஆரம் குறையும், கோணம் மாறிக்கொண்டே போகும். சாய்க்கிற டேபிளில், முனை வீலின் நடுமட்டத்தில் படுகிற வரைக்கும் இந்தத் தொல்லை இல்லை.

"எந்த மெட்டலுக்கு என்ன கோணம்? சுருக்கமா சொல்லுங்க."

ஹெச்எஸ்எஸ், அதாவது ஹைஸ்பீட் ஸ்டீல் டூலுக்குச் சொல்கிறேன். கிளியரன்ஸ் பெரும்பாலும் 8 முதல் 10 டிகிரி. மேல்முகச் சரிவு, அதாவது ரேக், எம்எஸ்ஸுக்கு 12, 14 டிகிரி. அலுமினியத்துக்கு இன்னும் கூட்டலாம். பித்தளைக்குப் பூஜ்யம், சரிவு வைத்தால் டூல் உள்ளே இழுத்துக்கொள்ளும். வார்ப்பிரும்புக்குக் கொஞ்சமாக. பித்தளைக்கென்று தனி டூல் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றையே மாற்றி மாற்றித் தீட்டுவது வீண்.

"கிரைண்டரோட வந்த சாம்பல் கல்லுல டிப் டூல் தீட்டுனா வழுக்குது. கல்லு மோசமா?"

கல் மோசமில்லை, வேலைதான் அதற்குரியது இல்லை. சாம்பல் நிறக் கல் அலுமினியம் ஆக்ஸைடு, பொதுவான இரும்பு வேலைக்கு. ஹெச்எஸ்எஸ்ஸுக்கு வெள்ளைக் கல் வாங்குங்கள், அதன் மணிகள் எளிதில் உடைந்து புது முனை காட்டும், சூடு குறைவு. கல்லின் லேபிளில் WA 60 K என்கிற மாதிரி இருக்கும்: முதலில் ஜாதி, அடுத்து மணியின் அளவு, அடுத்து பிடிமானம். வடிவம் எடுக்க 46 அல்லது 60, கடைசித் தீட்டலுக்கு 80 முதல் 120.

டிப் டூலின் முனையில் ஒட்டியிருக்கிற கார்பைடு டிப்புக்குப் பச்சைக் கல், அதாவது சிலிக்கன் கார்பைடு, இல்லையென்றால் டைமண்ட் வீல். டைமண்ட் வாங்கின உற்சாகத்தில் ஹெச்எஸ்எஸ்ஸையும் அதிலேயே போடாதீர்கள். வேகமும் சூடும் சேரும்போது வைரத்தின் கார்பன் இரும்புக்குள் கரையும், வீல் வீணாகும். டைமண்ட் தகட்டில் கையால் மெதுவாகத் தேய்ப்பதில் அந்தச் சூடு வராது, அது பரவாயில்லை. கார்பைடு தூளில் கோபால்ட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது, நல்ல மாஸ்க் இல்லாமல் அந்த வேலையைத் தொடாதீர்கள்.

"தீட்டும்போது டூல் நீலமாயிடுச்சு. போச்சா?"

ஹெச்எஸ்எஸ் என்றால் போகவில்லை. அதை டெம்பர் செய்வதே, அதாவது சூடேற்றிப் பதப்படுத்துவதே 550 டிகிரி செல்சியஸ் வாக்கில், நீலம் வருவது 300 டிகிரி சுமாருக்கு. அதன் கடினம் அப்படியே இருக்கும். கெடுப்பது இன்னொன்று: சிவக்கச் சிவக்கத் தீட்டிவிட்டுச் சட்டென்று தண்ணீரில் முக்குவது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், அப்புறம் வேலை நடுவில் முனை பொரிந்து விழும். கொஞ்சம் கொஞ்சமாகத் தீட்டி, கை பொறுக்கிற சூட்டிலேயே முக்கி எடுங்கள், அல்லது முக்காமல் காற்றில் ஆற விடுங்கள்.

ஹைகார்பன் ஸ்டீல் உளி, கத்தி என்றால் கதை வேறு. அதில் நீலம் வந்த இடம் மெத்தென்றாகிவிட்டது. அந்தப் பகுதி முழுக்கத் தேய்த்து எடுத்தால்தான் நல்ல எஃகு வரும்.

"டிரில் பிட்டுதான் எனக்கு வரவே மாட்டேங்குது. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

எல்லோரும் கேட்பது இதைத்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். கடையில் விற்கிற ஆட்டி ஆட்டித் தீட்டும் ஃபிக்சரில் பிட் எவ்வளவு வெளியே நீட்ட வேண்டும், எந்த வாக்கில் திரும்பியிருக்க வேண்டும் என்பது ரொம்ப நுணுக்கம், கொஞ்சம் தவறினாலும் வெட்டு விளிம்புக்குப் பின்னால் மேடு நின்றுவிடும். வீட்டில் செய்வதற்குச் சுலபமானது நான்கு பட்டை முறை. வளைவே கிடையாது, எல்லாம் தட்டை முகம்.

ஒரு சதுர ஈஆர்32 காலட் பிளாக், அதாவது பிட்டின் தண்டை நடுவில் இறுக்கிப் பிடிக்கிற சதுரக் கட்டை வாங்குங்கள். பிட்டை அதில் பிடித்து, டேபிளில் உள்ள கைடை வீல் முகத்துக்கு 59 டிகிரியில் வையுங்கள், அப்போதுதான் ரெண்டு பக்கமும் சேர்ந்து பிட்டின் முனைக் கோணம் 118 ஆகும். முறுக்குவதற்கு முன் பிட்டைச் சுழற்றி, வெட்டு விளிம்பு டேபிளுக்கு இணையாக, மேலே பார்த்து இருக்கும்படி நிறுத்துங்கள். டேபிளை 10 டிகிரி சாய்த்து ஒரு பக்கம் தீட்டுங்கள். பிளாக்கை 180 டிகிரி புரட்டி வைத்து மறுபக்கம். அப்புறம் டேபிளை 25 டிகிரிக்குச் சாய்த்து, பின்பாதியை ரெண்டு பக்கமும் எடுங்கள். ரெண்டு பட்டைக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும், அது நகர்ந்து நகர்ந்து பிட்டின் மையத்துக்கு வரும்போது நிறுத்துங்கள். நான்கு பட்டையும் ஒரு புள்ளியில் கூடினால் முனை கூர்மையாக நிற்கும், பஞ்ச் போட்ட இடத்தில் ஓடாமல் இறங்கும்.

எவ்வளவு எடுக்கிறோம் என்பதற்குப் பிளாக்கின் பின்னால் ஒரு ஸ்டாப் ஸ்க்ரூ வேண்டும். எம்6 போல்ட் போடுங்கள், ஒரு சுற்றுக்கு 1 மிமீ. அறுகோணத் தலையின் ஒரு பட்டை திருப்பினால் சுமார் 0.17 மிமீ, தலையில் ஒரு பட்டைக்கு மட்டும் பெயிண்ட் வைத்தால் எண்ணிக்கொள்ளலாம். ரெண்டு பக்கமும் அதே ஸ்டாப்பில் முட்டும் வரை தீட்டின பிறகுதான் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். 3 மிமீக்குக் கீழே உள்ள பிட்டுக்கு இவ்வளவு பாடு வேண்டாம், புதிது வாங்கிவிடுங்கள்.

"பத்து மிமீ பிட்டு போட்டா பத்தேகால் ஓட்டை விழுது. பிட்டு பெருசா?"

பிட் சரியாகத்தான் இருக்கும், ரெண்டு விளிம்பும் ஒரே நீளமாக இல்லை. மையப் புள்ளி தள்ளியிருந்தால் நீளமான விளிம்புதான் ஓட்டையின் அளவை முடிவு செய்யும். சீவல் ஒரு பக்கமாக மட்டுமே வருவதும் இதே நோய்தான். மேலே சொன்ன ஸ்டாப் ஸ்க்ரூ ஒழுங்கு தவறினால் இது வரும்.

சரிபார்க்க ஒரே அளவு அறுகோண நட்டு ரெண்டு எடுத்து, பட்டையோடு பட்டை ஒட்டி வையுங்கள். நடுவில் விழும் பள்ளம் 120 டிகிரி, 118க்கு எவ்வளவு கிட்டே பாருங்கள். பிட் முனையை அதில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கோணம் எந்தப் பக்கம் கூடக்குறைய என்று தெரிந்துவிடும். விளிம்பின் நீளத்துக்கு ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

"அதே பிளாக்குல எண்ட் மில்லும் தீட்டலாமா?"

அடிமுகத்தைத் தீட்டலாம். நான்கு பல் கட்டருக்குச் சதுர பிளாக், மூன்று பல்லுக்கு அறுகோண பிளாக், புரட்டிப் புரட்டி வைத்தால் பல் ஒவ்வொன்றாக வரும். டேபிள் 6 டிகிரி சாய்வு. கைடை ஒன்று, ரெண்டு டிகிரி திருப்பி மையப் பக்கம் சற்றே பள்ளமாக விடுங்கள், இல்லையென்றால் கட்டர் அடிமுகம் முழுக்க உரசும். வீலின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும், அடுத்த பல்லில் பட்டுவிடாமல் பார்க்க வேண்டும், அதனால் முதலில் டிரெஸ்ஸர் போட்டு ஓரத்தைச் சீராக்கிக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டுப் பற்கள் முறுக்கியிருப்பதால் அவற்றைத் தீட்ட, பல்லைத் தாங்கும் விரலும் வழுக்கி ஓடுகிற ஸ்பிண்டிலும் வேண்டும். கட்டரின் விட்டமும் குறைந்துவிடும், 12 என்று எழுதியிருப்பது 11.8 ஆகும். வீட்டுப் பட்டறையில் அடிமுகத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

"வெள்ளி வேலை உளிக்கு இந்த டேபிள் உதவுமா?"

வடிவம் எடுக்க மட்டும். சித்திர உளியின் முகம் 45 டிகிரி, கைடை அதற்கு வைத்து லேசாகத் தொட்டுத் தொட்டு எடுங்கள், நீலம் பற்றிச் சொன்னதை மறக்காதீர்கள். கடைசித் தீட்டல் எண்ணெய்க்கல்லில்தான். ஒரு சின்ன எம்எஸ் துண்டில் 45 டிகிரியில் ஓட்டை போட்டு, உளியை அதில் ஸ்க்ரூவால் பிடித்துக் கல்லின் மேல் தேய்த்தால் முகம் உருளாது. முகத்தையும் அடிச்சரிவையும் கண்ணாடியாக மெருகேற்றினால்தான் வெள்ளியில் வெட்டின இடம் மின்னும், கோடு தெரிகிற உளி கோடு போட்ட வெட்டைத்தான் கொடுக்கும்.

"நாங்க ஏற்காடு. கவாத்துக் கத்தரி தீட்டணும், ஃபிக்சரும் பனியில துருப்பிடிக்குது."

கவாத்துக் கத்தரியைக் காய்ந்த வீலில் காட்டாதீர்கள், மெல்லிய எஃகு நொடியில் நீலமாகிவிடும். கத்தரியைப் பிரித்து, அலகை ஒரு மரக்கட்டையில் பழைய சரிவு மட்டமாக நிற்கும்படி சாய்த்து இறுக்கி, டைமண்ட் தகட்டால் ஒரே திசையில் தேயுங்கள். சரிவு இருக்கிற பக்கம் மட்டும்தான் தேய்க்க வேண்டும், மறுபக்கம் பிசிறை எடுப்பதோடு சரி. ரெண்டு பக்கமும் சரிவு வைத்தால் கிளையை வெட்டாமல் கடித்துக்கொள்ளும்.

ஃபிக்சருக்கு வேலை முடிந்ததும் தூளைத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். சாணைத் தூளோடு எண்ணெய் சேர்ந்தால் காடி தேயும், அதனால் துடைப்பது முதலில். கல் ஈரத்தில் கிடக்கக் கூடாது. பாதி மட்டும் தண்ணீர் குடித்த கல் ஒரு பக்கம் கனத்து, சுற்றும்போது உதறும்.

"வீல் வெடிக்கும்னு சொல்றாங்களே, வீட்டுல போடலாமா?"

போடலாம், முறையோடு. புதுக் கல்லை மாட்டுவதற்கு முன் துவாரத்தில் விரல் விட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரப் பிடியால் நாலு இடத்தில் தட்டுங்கள். கணீர் என்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் வெடிப்பு, அதை உடைத்துப் போட்டுவிடுங்கள், யார் கையிலும் கொடுக்காதீர்கள். கல்லில் எழுதியிருக்கும் அதிகபட்ச வேகம் மோட்டாரின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். மாட்டின பிறகு ஒரு நிமிடம் ஓட விட்டு, பக்கவாட்டில் ஒதுங்கி நில்லுங்கள்.

நாம் செய்கிற டேபிளுக்கு முக்கியமானது இது: வீலுக்கும் டேபிளுக்கும் இடைவெளி 3 மிமீக்கு மேல் கூடாது, மீறினால் டூல் கீழே இழுபட்டுச் சிக்கும். வீல் தேயத் தேய டேபிளை முன்னே தள்ள வேண்டும், அதற்காகவே அடியில் நீள ஓட்டை வைத்துச் செய்யுங்கள். சாதா வீலின் பக்கவாட்டில் அழுத்தித் தீட்டாதீர்கள், அதற்குக் கப் வீல் இருக்கிறது. அலுமினியம், பித்தளையைக் கல்லில் வைத்தால் துவாரம் அடைத்துக்கொள்ளும். கண்ணாடி போடுங்கள், கையுறை, தோளில் துண்டு, தொங்குகிற சட்டைக்கை எதுவும் வேண்டாம்.

"வீல்ல தீட்டுன முகம் குழியா இருக்கே, அது தப்பில்லையா?"

150 மிமீ வீலில் 10 மிமீ டூல் பிட்டைத் தீட்டினால் நடுவில் விழும் குழி சுமார் 0.17 மிமீ. அது உபயோகமானது. எண்ணெய்க்கல்லில் வைக்கும்போது மேலும் கீழும் ரெண்டு விளிம்பு மட்டும் கல்லில் படும், டூல் ஆடாமல் உட்காரும், நாலு இழுப்பில் விளிம்பு மெருகாகும். குழி மறையும் வரை வீலுக்குப் போகாமல் கல்லிலேயே பல தடவை தீட்டிக்கொள்ளலாம்.

"டேபிள் 10 டிகிரிதான் வச்சேன். ஆனா டூலோட பக்கத்துல புரோடிராக்டர் வச்சா பதினொண்ணரை காட்டுது. எங்க தப்பு?"

எங்கும் தப்பில்லை, அளக்கிற திசைதான் வேறு. டேபிளில் வைத்த 10 டிகிரி, வெட்டு விளிம்புக்குச் செங்குத்தாகப் பார்க்கும்போது வருவது. கைடை 30 டிகிரி திருப்பித் தீட்டியிருப்பீர்கள். அப்போது டூலின் நீளவாக்கில் அளந்தால், 10 டிகிரியின் டேனை 30 டிகிரியின் காஸால் வகுக்க வேண்டும்: 0.1763ஐ 0.866ஆல் வகுத்தால் 0.2036, அதற்கான கோணம் 11.5. திருப்பு கோணம் கூடக் கூட இந்த வித்தியாசமும் கூடும்.

வெட்டுக்குப் பொறுப்பு விளிம்புக்குச் செங்குத்தான கோணம்தான், அதனால் டேபிளை நம்புங்கள். கைடு பூஜ்யத்தில் இருக்கும்போது ஒரு வீணான துண்டைத் தீட்டி அளந்து பாருங்கள், அப்போதும் 10 வரவில்லை என்றால் முனை வீலின் நடுமட்டத்தில் படவில்லை என்று அர்த்தம், டேபிளின் உயரத்தைப் பாருங்கள்.